கற்பூரம் காட்டக் கூடாத வண்டி

பிரியா, தினேஷ், நீங்கள் இருவரும் இந்தத் தொடரைப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா மட்டும்தான் வாரம் தவறாமல் படிக்கிறாள். படித்து முடித்ததும், "இந்த வாரமும் நான் வரல" என்று பத்திரிகையை மடித்து டிவி மேல் வைத்துவிடுகிறாள். பிரியா, நீ தரமணிக்கு ஆபீஸ் பஸ் பிடிக்க ஓடுகிறாய். தினேஷ், நீ நந்தனத்தில் காலேஜுக்குப் போகிறாயா, பக்கத்து கிரவுண்டுக்குப் போகிறாயா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இருந்தாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுதுவதை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் படிக்கும்போது, பெற்ற பிள்ளைகள் என்றைக்காவது படிக்காமலா போய்விடுவீர்கள்?

இந்த வாரம், உங்கள் அப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு காருக்குப் பின்னால் கோல்கீப்பர் மாதிரி நின்ற கதை.

நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. வாசல் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. வெண்ணெய் நிறத்தில் ஒரு பழைய கார். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். டிக்கியில் நான் புதிதாக மாட்டிய கேஸ் சிலிண்டர். டிக்கிக்கு முன்னால் நான். எனக்கு முன்னால், கற்பூரத் தட்டும் தீப்பெட்டியுமாக அந்த வீட்டு மாமி.

"நகருப்பா" என்றார் மாமி.

"வேணாம் மாமி. கேஸ் வண்டி மாமி."

"கேஸ் வண்டிங்கறதுனாலதானே காட்டறேன்? வெடிக்காம இருக்கணும்னு வேண்டிண்டு காட்டறேன்."

"அதெல்லாம் வெடிக்காது மாமி. நான் கேரண்டி."

"வெடிக்காதுன்னா காட்டினா என்ன?"

"நெருப்பு மாமி. சிலிண்டர் கிட்ட நெருப்பு கொண்டாரக் கூடாது."

"அப்போ வெடிக்கும்."

இன்றுவரை இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. காட்டலாம் என்றால் நான் படித்த தொழிலுக்கு விரோதம். கூடாது என்றால், என் வாயாலேயே வண்டி வெடிக்கும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

எதிர் வீட்டு மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த கோவிந்தன் அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். "இன்னா நைனா, சாமி கும்புடுறவங்கள வழி மறிச்சிக்கினு நிக்குற?"

"அண்ணே, உங்க பொட்டியில கரி எரியுது. நீங்களும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க" என்றேன்.

"பாத்தியா மாமி? நானும் கிட்ட வரக்கூடாதாம்!" என்றார் அவர். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாகிவிட்டது.

அக்காவின் போன்

மாமிக்கு வண்டி மேல் ஏன் இவ்வளவு பயம், அவர் அதில் ஏறுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

மாமியின் கணவர் சேஷாத்ரி சார், இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மாமிக்கு ஒரே ஓர் அக்கா. நங்கநல்லூரில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அந்த அம்மாள் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த ஆள் கை சமையல் அக்காவுக்கு இறங்கவில்லை. தங்கை பிசைந்து கொடுத்தால்தான் நாலு வாய் உள்ளே போகும்.

மாமி ரசம் சாதத்தைக் கேரியரில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் முழங்கால் பஸ் படியை ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. வாசலில் கார் நிற்கிறது என்றுதான் பேர். அந்தப் பழைய இன்ஜின் பெட்ரோலைப் பாயசம் மாதிரி குடிக்கும். போவது நின்றுபோயிற்று.

நான் டிக்கியை அளவெடுக்கப் போன அன்று அக்காவின் போன் வந்தது. தினமும் காலையில் வருமாம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இன்னிக்கு வரியாடி?"

"நாளைக்குப் பார்க்கறேங்கா" என்றார் மாமி. அதற்கப்புறமும் இரண்டு பக்கமும் போனை வைக்கவில்லை. நான் அளவு டேப்பைச் சத்தம் வராமல் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சார் பின்னாலேயே வந்தார். "ஏகாம்பரம், கேஸ் போட்டுட்டா தினம் அழைச்சுண்டு போயிடுவேன். ஆனா அவ ஏறணுமே! எங்கேயோ கேஸ் வண்டி பத்திண்டு எரியறதை டிவியில பார்த்துட்டா. நீதான் எடுத்துச் சொல்லணும்."

"விடுங்க சார், நான் பேசிக்கிறேன்" என்றேன்.

பேசி யாரையும் ஒத்துக்கொள்ள வைத்த சரித்திரம் எனக்குக் கிடையாது. சந்தேகமாக இருந்தால் அம்மாவைக் கேளுங்கள்.

நான் படித்த லட்சணம்

கேஸ் கிட் மாட்டுவதை நான் முறையாகப் படித்தவன். சிரிக்காதீர்கள்.

தி.நகரில் ஓர் ஓட்டலின் ஏ.சி. ஹாலில் கிட் கம்பெனிக்காரர்கள் பயிற்சி கொடுத்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஒருவர் திரையில் படமாகப் போட்டு இங்கிலீஷில் விளக்கினார். பக்கத்து நாற்காலிக்காரர் எங்கெல்லாம் தலையாட்டினாரோ அங்கெல்லாம் நானும் ஆட்டினேன். டீ குடிக்கும்போது அவரிடம் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். "அட, நீங்க ஆட்டுறதப் பாத்துத்தாங்க நான் ஆட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

கடைசியில் இருவருக்குமே சர்டிபிகேட் கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களின் வரிசையில் மாட்டினாள். ரொம்ப நாள் அதற்கும் சேர்த்துப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

படங்களைப் பார்த்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சிலிண்டரிலிருந்து வண்டியின் அடிவயிற்றோடு ஒரு செம்புக் குழாய் முன்பக்கம் வரும். இன்ஜினுக்குள் பெட்ரோலும் போகலாம், கேஸும் போகலாம். இரண்டும் சேர்ந்து போகக்கூடாது. போனால் மூச்சு முட்டி நின்றுவிடும். யாரை விடுவது, எவ்வளவு விடுவது என்று பார்த்துக்கொள்ள ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் உண்டு. அபார்ட்மென்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். இப்படித் தட்டினால் பெட்ரோல், அப்படித் தட்டினால் கேஸ்.

இப்போது வருகிற வண்டிகளில் வாட்ச்மேன் படித்தவன். லேப்டாப்பை மாட்டினால் தன் கஷ்டத்தைத் தானே சொல்லிவிடுவான். சார் வண்டி மாதிரிப் பழைய கார்புரேட்டர் வண்டியில் அப்படி இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, கேஸைத் துளி கூட்டி, துளி குறைத்து, இருமுகிறதா, திக்குகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்க வேண்டும். அன்று விடிந்ததிலிருந்து நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெட்ரோலில் கொஞ்சம், கேஸில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டி.

படிப்பு இருக்கட்டும், அனுபவம் எப்படி என்று கேட்பீர்கள். பெரிய ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது நான் தனியாகச் செய்த முதல் வண்டி, ஒரு ஜவுளிக்கடை மேனேஜருடையது. பிரமாதமாக மாட்டினேன். மாட்டி முடித்த பிறகுதான், டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு இடமில்லை என்று தெரிந்தது. அந்த நல்ல மனுஷர் டயரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டு, ரொம்ப நாள் பாண்டி பஜார் முழுக்க ஓட்டிக்கொண்டு போனார். அவர் பெண்டாட்டி முன் சீட்டில், டயர் பின் சீட்டில்.

இப்பேர்ப்பட்டவன்தான் மாமிக்குப் புரியவைக்கக் கிளம்பினேன்.

எட்டி நின்று ஒரு பூஜை

மறுபடி வாசலுக்கு வருகிறேன். கையை இன்னும் விரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

"ஏண்டி, அவன்தான் இவ்வளவு சொல்றானே" என்று சார் நடுவில் வந்தார்.

"நீங்க சும்மா இருங்கோ. அவன் எதுக்குக் கையை விரிச்சுண்டு நிக்கறான்? பயந்துண்டு நிக்கறான். மாட்டினவனுக்கே பயமாயிருந்தா, உட்காரப் போறவளுக்கு எப்படி இருக்கும்?"

"கரீட்டு மாமி" என்றார் கோவிந்தன் அண்ணன். "மூஞ்சப் பாரு, வேர்த்து ஊத்திக்கினு கீது."

வேர்த்ததற்குக் காரணம் விடிந்ததிலிருந்து ஓடும் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். மாமி வீட்டுக் கேட்டுக்கு உள்ளே, துளசி மாடத்தின் பக்கத்தில் நின்று கற்பூரம் ஏற்ற வேண்டும். வண்டி தெருவில் இன்ஜின் அணைத்து நிற்கும். டிக்கி மூடியிருக்கும். எனக்கு அதுவும் போதவில்லை. சிலிண்டரின் தலையில் கையால் திருகுகிற வால்வு ஒன்று உண்டு. டிக்கியைத் திறந்து, அதை இறுக்கி மூடினேன். இனி ஒரு துளி கேஸ் சிலிண்டரை விட்டு வெளியே வராது. பூஜை முடிந்ததும் திறந்துவிடலாம்.

மாமி கேட்டுக்குள்ளேயே நின்று, காரின் உருவத்தைக் காற்றில் வரைவது மாதிரித் தட்டைச் சுற்றினார். பானெட்டுக்கு ஒரு சுற்று, டிக்கிக்கு ஒரு சுற்று. டிக்கிப் பக்கம் வரும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். சாமி புரிந்துகொண்டிருக்கும். கோவிந்தன் அண்ணனும் மரத்தடியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திடீரென்று மாமி திரும்பி, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். "ஐயோ, பத்தரையாகப் போறது! ராகு காலம் வந்துடும். கிளம்புங்கோ, கிளம்புங்கோ!"

அவ்வளவுதான். சார் செருப்பைத் தேடினார். மாமி கேரியரை எடுக்க ஓடினார். நான் எலுமிச்சம்பழம் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

சார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயும் ஏறு."

"நானா? கடையில வேலை கெடக்குது மாமி..."

"வெடிக்காதுன்னியோன்னோ? ஏறு. வெடிச்சா மூணு பேரும் சேர்ந்தே போவோம்."

மாமி முன் சீட்டில் உட்கார்ந்தார், அந்த வண்டிக்குள் சிலிண்டரிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி. நான் பின் சீட்டில், சிலிண்டருக்கு முதுகைக் கொடுத்து. மடியில் கேரியர். ரசத்தின் சூடு பேன்ட்டைத் தாண்டித் தொடையில் இறங்கியது.

பாலத்து மேல்

பெட்ரோலில்தான் கிளப்பினோம். மந்தைவெளி தாண்டி, கிரீன்வேஸ் சாலையில் மர நிழல் வந்ததும், "இப்ப கேஸுக்கு மாத்துங்க சார்" என்றேன். முதலில் பெட்ரோலை நிறுத்தி, கார்புரேட்டரில் மிச்சம் இருந்ததைத் தீரவிட்டு, சார் ஸ்விட்சைத் தட்டினார். ஒரு சின்ன உதறல். அப்புறம் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தீங்களா மாமி? இப்ப கேஸ்லதான் போறோம். எதுனா தெரியுதா?"

மாமி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தாலிக்காரன் கண்டுபிடித்தது, ஜப்பான்காரன் திருத்தியது என்று எனக்கே தெரியாத விஷயங்களை எல்லாம் எடுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அடையாறு பாலத்தின் மேல், ஆற்று நாற்றமும் கடல் காற்றும் சேர்ந்து வருகிற இடத்தில், இன்ஜின் மெலிந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

"வெடிச்சுடுத்தா?" என்றார் மாமி கண்ணைத் திறக்காமல்.

"இல்ல மாமி. நின்னுடுச்சு."

"முதல்ல நிக்கும், அப்புறம் வெடிக்குமா?"

"சார், பெட்ரோலுக்கு மாத்திக் கிளப்புங்க" என்றேன். சார் கிளப்பிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் அழுததே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது. இருந்ததில் முக்கால்வாசியைக் காலையில் நான் ஓட்டி ஓட்டிக் காலி செய்திருந்தேன். மிச்சம் வீட்டிலிருந்து கிளம்பி வந்ததில் தீர்ந்திருந்தது. சாரோ, கேஸ் வந்த பிறகு பெட்ரோல் எதற்கு என்று போடாமலே விட்டிருந்தார்.

பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. டிரைவர் பாதி உடம்பை வெளியே விட்டார். "யோவ், பாலத்து மேலயா கடை போடுவ? ஓரங்கட்டுய்யா!"

தள்ளி ஓரம் கட்டினோம். பானெட்டைத் திறந்தேன். ஒயர்களை ஆட்டினேன். ஃபியூஸைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குழாயைத் தட்டினேன். பிறகு, சர்டிபிகேட் வாங்கியவன் சொல்ல வேண்டிய தோரணையில் சொன்னேன்: "கன்ட்ரோல் பாக்ஸ் அடி வாங்கிடுச்சு சார். கம்பெனிக்குத்தான் அனுப்பணும். வர நாளாவும்."

சாரின் முகம் விழுந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து, நெற்றியைத் துடைக்காமல் வண்டியின் பானெட்டைத் துடைத்தார். "இன்னிக்கு வரோம்னு அக்காகிட்ட சொல்லிட்டாளேப்பா, போன்ல" என்றார்.

மாமி இறங்கி, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் இன்ஜினைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சிலிண்டர் திறந்திருக்கோ?"

"மாமி, இது நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. இதுல எல்லாம் ஆட்டோமேட்டிக். இப்ப சுவிட்ச்சு போட்டா..."

"இல்லப்பா, ஆத்துல அடுப்பு எரியலேன்னா நான் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். அதான் கேட்டேன்."

"...இப்ப சுவிட்ச்சு போட்டா" என்று ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி வண்டியின் பின்பக்கம் நடந்து போனேன். டிக்கியைத் திறந்தேன். கற்பூரத்துக்காக மூடிய வால்வு மூடியபடியே இருந்தது. செம்புக் குழாயில் தேங்கியிருந்த கேஸில்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். இத்தாலியும் ஜப்பானும் பேசியதெல்லாம் அந்த மிச்சத்தில்தான்.

திருகினேன். முன்னால் வந்தேன். "கிளப்புங்க சார்."

கொஞ்சம் முக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"என்ன பண்ணினே?" என்றார் மாமி.

"தொறந்தேன் மாமி."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இவ்வளவுதானாடா உன் கேஸு! கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தினம் திறந்து மூடிண்டிருக்கறது! இதுக்கா நான் பயந்துண்டு செத்தேன்?" சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ஏறும்போது மாமி, "முன்னாடி காலை நீட்ட முடியலை, நீ அங்க போ" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். சிலிண்டருக்கு முதுகைக் கொடுத்து. கிண்டி வருவதற்குள் தூங்கிவிட்டார்.

நங்கநல்லூர்

அக்காவின் கட்டில் கூடத்திலேயே இருந்தது. நான் வாசற்படியில் நின்றேன். மாமி கையை அலம்பிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்தார். அக்கா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சாதத்தைப் பார்க்கவில்லை.

"எப்படிடி வந்தே? முழங்காலை வச்சுண்டு?"

"கேஸ் வண்டிலக்கா. ஒண்ணும் பயமில்லை. நம்மாத்து அடுப்பு மாதிரிதான். இனிமே தினம் வருவேன்."

"தினமா?"

"தினம்."

அக்கா வாயைத் திறந்தார். ஒரு கவளம். இன்னொன்று. போதும் என்று சொல்லவே இல்லை. சார் ஜன்னல் பக்கம் திரும்பி, எதையோ ரொம்ப முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் 'தினம்' என்னை விடவில்லை. தினமும் இந்த இரண்டு பேரும், ஒரு கேரியரும், நான் மாட்டிய சிலிண்டரும். காலையில் வால்வைத் திறக்க மறந்தவன் நான். அவசரத்தில் வேறு எதை இறுக்க மறந்தேனோ? இத்தனை நேரம் மாமி பயந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நான் முட்டாளாக நின்றதைப் பார்த்துச் சிரித்தாரே, அதோடு அவர் பயம் போய்விட்டது. இனி அந்த வண்டியைச் சந்தேகப்பட ஆளில்லை.

பின்கட்டுக்குப் போய், அக்காவைப் பார்த்துக்கொள்கிற அம்மாளிடம் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் ஒரு மக் தண்ணீரும் கேட்டு வாங்கினேன். ஒருவரிடமும் சொல்லாமல் தெருவுக்கு வந்தேன்.

வண்டி ஒரு புங்கமர நிழலில் நின்றது. என் டூல்ஸ் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்தேன். சோப்பைக் கரைத்து, நுரை வர அடித்து, சிலிண்டர் வால்விலிருந்து ஆரம்பித்தேன். குழாய் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் நுரையைப் பூச வேண்டும். கேஸ் கசிந்தால் நுரை குமிழ் விடும். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்க எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. மாட்டிய அன்றே என் ஷெட்டில் ஒரு தடவை பார்த்ததுதான். மறுபடி பார்த்தேன். டிக்கி முடிந்து, ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தேன். முதுகில் மணல் குத்தியது. கோயிலுக்குப் போகிற கால்கள் என் தலைமாட்டில் ஒரு கணம் நின்று, விலகிப் போயின.

கடைசி இணைப்பு வரை வந்துவிட்டேன். எங்கும் ஒரு குமிழ்கூட இல்லை. நுரை பூசிய இடத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கலாம்.

எழுந்திருக்காமல், அது காய்ந்து வெள்ளையாகப் பூத்துப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.